கன்னையா குசினிக்கு எந்தக் கார்டு

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்டெஃபனியின் கம்ப்யூட்டர் திரையில் பச்சைக் கோடுகள் விழுந்தன. அணைத்துப் போட்டாள். கோடுகள் ஊதாவாகின. மூன்றாம் முறை போட்டபோது ஒன்றுமே வரவில்லை.

மலேசியாவில், செமினியில் தன் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து மற்றவர்களின் சமையலறைகளை வரைந்து கொடுப்பது அவள் தொழில். அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கிள்ளானில் கன்னையா என்பவருக்கு அவருடைய புதுச் சமையலறையைப் படமாக ஓட்டிக் காட்ட வேண்டியிருந்தது. கன்னையா கேட்டரிங் செய்பவர். ஐம்பத்தெட்டு வயது. போன வருஷம் சர்க்கரை வியாதியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே மறுபடி சமைத்தாக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். முதல் சந்திப்பில் ஸ்டெஃபனி காகிதத்தில் பிளானைக் காட்டியபோது அதைத் தள்ளி வைத்துவிட்டார்.

"கோடு போட்டுக் காட்டாதமா. அடுப்பு எங்க இருக்கு, என் கை எங்க இருக்குன்னு நான் கண்ணால பாக்கணும்."

அதற்குத்தான் கம்ப்யூட்டர் வேண்டும். அவளுடைய பழைய மடிக்கணினி முடிந்த வீடியோவை ஓட்டிக் காட்டும், உருவாக்கித் தராது.

கீழே இறங்கி வந்து கணவன் மார்வினிடம் சொன்னாள். மார்வின் லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். வருஷக் கடைசியில் மிஞ்சிய விடுப்பைக் கழிக்க வீட்டில் இருந்தான். ஒரு வாரமாகப் பழுதுபார்க்க எதுவும் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவன் முகத்தில் சட்டென்று வெளிச்சம் வந்தது. மாடிக்குப் போய் டப்பாவைத் திறந்து, முகர்ந்து பார்த்து, "கிராஃபிக்ஸ் கார்டு போயிருச்சு" என்றான். திரைக்குப் படத்தை அனுப்புகிற பாகம் அது.

"கடைக்குப் போய் ஒண்ணு வாங்கிட்டு வரேன்" என்றாள் ஸ்டெஃபனி.

"புதுசு எதுக்கு? பழசுல நல்லது இருக்கு. நீ சும்மா இரு, நான் பாக்குறேன்."

இந்த இடத்திலேயே கார் சாவியை எடுத்திருக்க வேண்டும் என்று ஸ்டெஃபனி பிறகு பலமுறை நினைத்துக்கொண்டாள். ஆனால் அன்று மதியம் இன்னொரு தப்பும் செய்தாள். அண்ணன் ரேமண்ட் வேறு விஷயமாகப் போன் செய்தபோது, பேச்சுவாக்கில் கார்டு போன கதையைச் சொல்லிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு மார்வின் சாலாக் செலாத்தானிலிருந்து ஒரு கார்டோடு வந்தான். ஜிடிஎக்ஸ் 970. விளையாட்டுப் பிரியர்கள் ஒரு காலத்தில் ஆசை ஆசையாக வாங்கியது. இரண்டு விசிறி, செங்கல் கனம். அரை மணி கழித்து பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ரேமண்டின் கார் வந்து நின்றது. அவர் கையில் துணி சுற்றிய இன்னொரு கார்டு. குவாட்ரோ எம்4000. அவர் வேலை செய்யும் இஞ்சினியரிங் ஆபீசில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டரிலிருந்து கேட்டு வாங்கியது. அவரும் அந்த வாரம் விடுப்பில் இருந்தார். ஒல்லியாக, கறுப்பாக, ஒற்றை விசிறியோடு கண்ணியமாக இருந்தது.

"இதுதான் வரையறவங்களுக்கு உள்ள கார்டு" என்றார் ரேமண்ட். "வர்க்ஸ்டேஷன் கார்டு. புதுசுல நாலாயிரம் வெள்ளி. அது என்னா மார்வின், கேம் வெளாடுறதா?"

"கேம் வெளாடுற கார்டுதான் மச்சான் வேகம்" என்றான் மார்வின்.

அப்பா இறந்த பிறகு ஸ்டெஃபனியைக் காலேஜுக்கு அனுப்பிப் படிக்க வைத்தவர் ரேமண்ட். அதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் தங்கையின் வீட்டில் ஒரு பல்பு எரியாவிட்டாலும் அது தன் பொறுப்பு என்று நினைப்பார். மார்வினோ இந்த வீட்டில் ஒரு பல்பைக்கூட வேறு யாரும் மாற்றக் கூடாது என்று நினைப்பவன். பதினாறு வருஷமாக இருவரும் மரியாதையாகவே மோதிக்கொண்டிருந்தார்கள்.

"ஏதாவது ஒண்ணப் போடுங்க" என்றாள். "எனக்கு இன்னைக்கே வேலை ஆரம்பிக்கணும்."

"ரெண்டையும் போட்டுப் பாத்துருவோம்" என்றார் ரேமண்ட். "அப்பதானே தெரியும்."

"பாத்துருவோம்" என்றான் மார்வின்.

முதலில் மார்வினின் கார்டு ஏறியது. அதற்குரிய மென்பொருளை இறக்கி, நிறுவி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட ஒரு மணி நேரம். பிறகு ஒரு சோதனையை ஓட்டினான். திரையில் தங்க மாளிகை ஒன்றுக்குள் அருவி கொட்டியது. நொடிக்கு எத்தனை படம் என்று மூலையில் எண்கள் ஓடின. அறுபத்திரண்டு என்று எழுதிக்கொண்டான். அதன் பிறகு அதைக் கழற்றி, அதன் மென்பொருளைச் சுத்தமாக நீக்கி, ரேமண்டின் கார்டை ஏற்றினார்கள். அதன் பின்புறத்தில் இருந்த துளைகள் வேறு மாதிரி. ஸ்டெஃபனியின் திரையிலிருந்து வந்த வயர் எதிலும் நுழையவில்லை.

"கன்வெர்ட்டர் வேணும்" என்றார் ரேமண்ட். "சின்ன சாமான்தான். காஜாங்ல கிடைக்கும்."

இருவரும் ஒரே காரில் காஜாங் போனார்கள். ஐந்து மணிக்குத்தான் திரும்பினார்கள். வழியில் சாப்பிட்டிருந்தார்கள். அவளுக்கும் மீ கோரெங் நூடுல்ஸைத் தப்பாவ் செய்து, பொட்டலமாகக் கட்டி வாங்கி வந்திருந்தார்கள். கன்வெர்ட்டரைக் காரிலேயே மறந்துவிட்டு மேலே ஏறி வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, மறுபடி இறங்கிப் போனார்கள்.

அருவியில் ரேமண்டின் கார்டு ஐம்பத்தொன்று வாங்கியது. மார்வின் சிரிப்பை அடக்கிக்கொண்டு தண்ணீர் குடித்தான்.

"இது வெளையாட்டுப் பசங்க டெஸ்ட்" என்றார் ரேமண்ட். "நாளைக்கு நான் ஆபீஸ் டெஸ்ட் கொண்டு வரேன்."

"அண்ணே, நாளைக்கு நான் வேலை செய்யணும்."

"காலைலயே முடிச்சிரலாம்மா."

புதன்கிழமை காலை அவர் கொண்டு வந்த சோதனையில் ஒரு இயந்திரத்தின் எலும்புக்கூடு, ஆயிரக்கணக்கான மெல்லிய கோடுகளாகச் சுழன்றது. அதில் ரேமண்டின் கார்டு எண்பத்தெட்டு. கார்டுகளை மாற்றி, மென்பொருளை நீக்கி, நிறுவி, மறுபடி ஓட்டியதில் மார்வினுடையது இருபத்துமூன்று. இப்போது ரேமண்ட் தண்ணீர் குடித்தார்.

"யாரு மச்சான் வீட்டுல இஞ்சின் வரையறா?" என்றான் மார்வின்.

"யாரு வீட்டுல அருவி வரையறா?"

ஸ்டெஃபனி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய நாற்காலியில் அண்ணன், மேசையின் மேல் ஸ்க்ரூ டிரைவர், பஞ்சு, காலிக் கோப்பைகள், தரையில் கணவன்.

"என் ஃபைல் இருக்குல" என்றாள். "கன்னையா அண்ணன் குசினி. அதத் தொறந்து பாருங்களேன். எது நல்லா ஓடுதோ அத வச்சிருங்க."

இருவரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"அது ஸ்டாண்டர்ட் டெஸ்ட் இல்ல ஸ்டெஃபி" என்றான் மார்வின்.

"ஒரு ஃபைல வச்சு முடிவு பண்ண முடியாதுமா" என்றார் ரேமண்ட்.

அன்று பிற்பகல் சூடு எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தார்கள். மின்சாரம் எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தார்கள். விசிறிச் சத்தத்தை மார்வின் போனில் பதிவு செய்தான். ரேமண்ட் தன் போனிலும் பதிவு செய்து, இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். நினைவகம் ரேமண்டுடையதில் எட்டு ஜிபி, மார்வினுடையதில் நாலு. அதைப் பற்றி மட்டும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். ஸ்டெஃபனி கீழே சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியில் ஃபைலைத் திறக்கப் பார்த்தாள். அது பாதி திறந்து அப்படியே நின்றது.

மாலை டீ கொண்டு போனபோது, மேசையில் இரண்டு கார்டுகளின் விவரங்களும் இரண்டு தாளில் அச்சாகிக் கிடந்தன. நாள் முழுவதும் அளவுகளைப் படித்துப் பழகிய கண் அவளுடையது. எண்கள் தானாகவே கண்ணில் பட்டன.

"இதுல சிப் பேரு ஜிஎம்204" என்றாள். "இதுலயும் ஜிஎம்204."

விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினாள்.

"இதுல கோர் ஆயிரத்து அறுநூத்தி அறுபத்தி நாலு. இதுலயும் அதே. ரெண்டும் ஒரே சிப்தானே?"

ரேமண்ட் தாளை வாங்கிப் பார்த்தார். மார்வின் எழுந்து வந்து அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். இரண்டு நாளில் முதல் தடவையாக இருவரும் ஒரே பக்கம் சேர்ந்தார்கள். சேர்ந்தது அவளுக்கு எதிராக.

"அப்படி இல்லம்மா" என்றார் ரேமண்ட். "சிப் ஒண்ணா இருக்கலாம். டிரைவர் சாஃப்ட்வேர் வேற."

"கிளாக் வேற" என்றான் மார்வின். "என்னோடது வேகமா ஓடும்."

"மெமரி வேற."

"கூலிங் வேற."

"சரி" என்று டீயை வைத்துவிட்டு ஸ்டெஃபனி இறங்கிவிட்டாள். மாடிப்படியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு இருபது வரை எண்ணினாள். மேலே பேச்சு மறுபடி சூடு பிடித்தது. ஒரே சிப் ஏன் இரண்டு விதமாக நடக்கிறது என்பது இப்போது புதிய கேள்வி.

வியாழக்கிழமை காலை அவள் மாடிக்கு ஏறியபோது மணி எட்டரை. இருவரும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். சுவரில் அவளுடைய வெள்ளைப் பலகையில் நேர்த்தியான ஒரு கட்டம் போட்டிருந்தது. இடது பக்கம் சோதனையின் பெயர்கள். மேலே "970", "எம்4000" என்று இரண்டு தலைப்புகள். உள்ளே சிவப்பிலும் நீலத்திலும் எண்கள்.

பலகையில் இதற்கு முன் இருந்தவை கன்னையாவின் அளவுகள். தரையிலிருந்து அவர் முழங்கால் எவ்வளவு உயரம், நாற்காலியின் கைப்பிடி எவ்வளவு, உட்கார்ந்தபடி கை எவ்வளவு தூரம் எட்டுகிறது, கண் எந்த உயரத்தில் இருக்கிறது, ஒரு முழுச் சுற்று திரும்ப எவ்வளவு இடம் வேண்டும். போன வாரம் கிள்ளானில் காகிதத்தில் குறித்து வந்து, பெரிதாகப் பலகையில் எழுதிக்கொண்டு, காகிதத்தைக் கிழித்துப் போட்டிருந்தாள். சுவர்களின் அளவு கம்ப்யூட்டரில் ஏறியிருந்தது. ஆளின் அளவு ஏறவில்லை.

"இங்க எழுதியிருந்தது எங்க?"

அவள் குரல் மெதுவாகத்தான் வந்தது. அதனாலேயே மார்வின் பேனாவைக் கீழே வைத்தான்.

"பழைய கணக்குன்னு நெனச்சேன்…"

"ஃபோட்டோ எடுத்தீங்களா?"

மார்வின் ரேமண்டைப் பார்த்தான். ரேமண்ட் ஜன்னலைப் பார்த்தார்.

ஸ்டெஃபனி பலகையை விட்டுத் திரும்பினாள். வார்த்தை வந்தபோது நிற்கவில்லை.

"மூணு நாளு. மூணு நாளா என் ரூம்ல, என் நாக்காலில உக்காந்துகிட்டு எனக்காகப் பாக்குறோம் எனக்காகப் பாக்குறோம்னு சொல்றீங்க. நான் என்ன வரையறேன்னு ரெண்டு பேருல ஒரு ஆளு கேட்டீங்களா? அந்த மனுசனுக்கு ஒரு காலு இல்ல. அவரு அடுப்புகிட்ட போகணும். அதுக்குத்தான் இந்தக் கம்ப்யூட்டர். அருவி பாக்குறதுக்கு இல்ல. இஞ்சின் பாக்குறதுக்கு இல்ல. பலகைல இருந்தது அவரோட ஒடம்பு. அதத் தொடச்சிட்டு நீங்க அறுபத்திரண்டுன்னு எழுதி வச்சிருக்கீங்க."

"ஸ்டெஃபி, நான்…"

"ஒண்ணும் சொல்லாதீங்க. அண்ணே, நீங்களும்தான்."

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு காரை எடுத்தாள். நெடுஞ்சாலை நெடுகக் கன்னையாவிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். எந்தப் பொய்யும் சரியாக வரவில்லை.

கிள்ளானில் அந்த வீட்டு வாசலில் பெரிய சட்டிகள் கவிழ்த்து வைத்திருந்தன. கன்னையாவின் மனைவி நல்லம்மாள் வெங்காயக் கையோடு கதவைத் திறந்தார்.

"என்னாமா, நாளைக்குத்தானே?"

"மறுபடி அளவு எடுக்கணும் அக்கா. எழுதி வச்சது அழிஞ்சிருச்சு."

"யாரு அழிச்சா?"

"வீட்டுக்காரரு."

நல்லம்மாள் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு வேறு எதுவும் கேட்காமல் வழி விட்டார்.

கன்னையா ஹாலில் இருந்தார். உள்ளே இரண்டு பெண்கள் சமைத்துக்கொண்டிருந்தார்கள். சமையலறைக் கதவின் நிலைப்படி உயரமாக இருந்ததால் நாற்காலி உள்ளே போகாது. அதனால் அவர் இங்கிருந்தபடியே கத்திக்கொண்டிருந்தார்.

"மாதவி! கடுகு போட்டியா? சத்தமே கேக்கல!"

ஸ்டெஃபனியைக் கண்டதும் முகம் சுளித்தார். "மறுபடியும் அளவா? துணி தைக்கிறவன்கூட ஒரு தடவதான்மா எடுப்பான்."

"என் தப்புதான் அண்ணே. மன்னிச்சிருங்க."

"எடு, எடு. எனக்கு என்னா வேலை? உப்பு பாக்கக் கூப்பிடுவாங்க. அதுவும் கரண்டிய இங்க கொண்டாந்து நீட்டுவாங்க. என் குசினி வாசல்ல நான் விருந்தாளி மாரி உக்காந்திருக்கேன்."

அவள் மண்டியிட்டு நாடாவை விரித்தாள். முழங்கால். இடுப்பு. கைப்பிடி. கைப்பிடியில் எழுபத்தைந்து சென்டிமீட்டர் வந்தது. அவளுக்கு அந்த எண் பழக்கமில்லாததாக இருந்தது. மற்றவை மறந்தாலும் இந்த ஓர் அளவு மட்டும் நினைவில் நின்றிருந்தது: போன வாரம் அறுபத்தொன்பது. அதை வைத்துத்தான் சமையல் மேடையின் அடிப்பாகத்தை எழுபத்தொன்றில் வைப்பதாக இருந்தாள்.

மறுபடி அளந்தாள். எழுபத்தைந்து.

"அண்ணே, இது அதே நாக்காலிதானா?"

"இல்லமா. அது ஆஸ்பத்திரில எரவல் குடுத்தது. திருப்பிக் குடுத்தாச்சு. இது ஞாயித்துக்கெழம வந்துச்சு. மெத்த தடிப்பா இருக்குல? குண்டி வலிக்கல."

ஸ்டெஃபனி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பழைய அளவில் மேடையைக் கட்டியிருந்தால் இந்த நாற்காலியின் கைப்பிடி கல்லில் இடித்து நின்றிருக்கும். கன்னையா அடுப்புக்கு ஒரு முழம் வெளியே நின்று கையை நீட்டிக்கொண்டிருந்திருப்பார். கல்லை வெட்டிப் பதித்த பிறகு அதை உயர்த்த முடியாது.

"என்னாமா? மயக்கமா?" என்றார் கன்னையா. "நல்லம்மா, இந்தப் பொண்ணுக்குத் தண்ணி கொண்டா!"

"ஒண்ணும் இல்ல அண்ணே." எல்லா அளவையும் இரண்டு முறை எடுத்தாள். காகிதத்தில் எழுதி, அதைப் போனில் படம் பிடித்து, அந்தப் படத்தைத் தனக்கே ஒரு முறை அனுப்பிக்கொண்டாள்.

வீடு திரும்பியபோது மணி இரண்டு. மாடியில் ஜன்னல் திரைகளை இழுத்து மூடியிருந்தார்கள். இருட்டில் மார்வின் டார்ச் லைட்டைப் பலகையின் ஓரத்தில் சாய்வாகப் பிடித்திருந்தான். ரேமண்ட் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, பலகையில் மூக்கு படும்படி நின்றிருந்தார். அவர்களுடைய கட்டம் துடைக்கப்பட்டிருந்தது. அதன் அடியில் பேனா அழுத்திய மங்கிய தடங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"இது மூணு" என்றார் ரேமண்ட்.

"எட்டு மச்சான். மேல வளையுது பாருங்க."

"மூணும்தான் வளையும்."

"எட்டுதான் லா."

ஸ்டெஃபனி விளக்கைப் போட்டாள். இருவரும் கூசிக் கண்ணைச் சுருக்கினார்கள். அவளுக்குக் கோபம் இன்னும் இருந்தது. ஆனால் அந்த இரண்டு முகங்களும், பள்ளிக்கூடத்தில் முட்டி போட்டவர்கள் போலச் சுவரோரம் நின்றதைப் பார்த்து, திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்த இரண்டாம் பாகம் அவளுக்கு மறந்துபோயிற்று.

"அளவு எடுத்துட்டு வந்துட்டேன்" என்றாள். "இப்ப ஒரு கார்டப் போட்டு, டப்பாவ மூடி, திருகாணியெல்லாம் முறுக்குங்க. பத்து நிமிசம் குடுக்குறேன். எந்தக் கார்டுன்னு என்கிட்ட சொல்லாதீங்க. இன்னொண்ணு இந்த ரூம்ல இருக்கக் கூடாது."

"எதப் போட…" என்று ஆரம்பித்தான் மார்வின்.

"ஒம்பது நிமிசம்."

கீழே போய் முகம் கழுவினாள். மேலே குரல்கள் தாழ்ந்து கேட்டன. "உங்களோடது போடுங்க மச்சான்." "இல்ல இல்ல, உன்னோடதப் போடு." "கோடெல்லாம் உங்களோடதுல நல்லாத் தெரியும்." "வேகம் உன்னோடதுலதான்." விட்டுக்கொடுப்பதிலும் முடிவுக்கு வர முடியாமல் திணறினார்கள். எட்டாவது நிமிஷம் திருகாணி முறுக்கும் சத்தம் கேட்டது.

மென்பொருளும் ஏறி முடிந்து, மூன்று மணிக்கு அவள் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஃபைல் திறந்தது. திருப்பினாள், திரும்பியது. மேடையின் அடிப்பாகத்தை எழுபத்தேழுக்கு உயர்த்தினாள். அடுப்பை இடது பக்கம் நகர்த்தினாள். நிலைப்படியை எடுத்துவிட்டுச் சரிவு வைத்தாள். கேமராவைக் கன்னையாவின் கண் உயரத்துக்கு, தரையிலிருந்து நூற்றுப் பதினெட்டு சென்டிமீட்டருக்குக் கீழிறக்கி, வாசலிலிருந்து அடுப்பு வரை நகர்த்திக் கொண்டு போனாள். இரவு உணவுக்கு இறங்கியபோது வீடியோ உருவாகிக்கொண்டிருந்தது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் போனபோது முடிந்திருந்தது. ரேமண்டும் மார்வினும் அதுவரை சாப்பாட்டு மேசையை விட்டு எழவேயில்லை. ஒருவரும் எண்களைப் பற்றிப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மடிக்கணினியைக் கன்னையாவின் மடியிலேயே வைத்தாள். நல்லம்மாளும் மாதவியும் பின்னால் நின்றார்கள். வீடியோ ஓடியது. கதவு நெருங்கியது, நிலைப்படி இல்லாத வாசலைத் தாண்டி உள்ளே போனது, மேடை இரண்டு பக்கமும் விலகி வழி விட்டது, அடுப்பு முன்னால் வந்து நின்றது.

கன்னையா மறுபடி ஓட்டச் சொன்னார். மூன்றாம் முறை அவர் வலது கை தானாக நீண்டு, திரையில் சட்டி இருந்த இடத்தில் நின்றது.

"யாரு இவ்ளோ கீழ உக்காந்து படம் புடிச்சது?"

"உங்க கண்ணு உயரம்தான் அண்ணே."

அவர் திரையின் மேல் பக்கம் விரலை நீட்டினார். "இந்த மேல் அலமாரி எதுக்குமா? நான் என்ன பறந்து போயி எடுக்குறதா?"

"அது அக்காவுக்கு."

"எனக்கு ஒரு அலமாரிகூட இருக்கக் கூடாதா?" என்றார் நல்லம்மாள்.

"இருந்துட்டுப் போவட்டும். ஏன்மா, தைப்பூசத்துக்கு முன்னால முடிப்பீங்களா? நாலு எடத்துக்கு அன்னதானம் ஒத்துக்கிட்டேன்."

"ஒத்துக்கிட்டீங்களா? எப்ப?" என்று நல்லம்மாள் அதட்டினார். "குசினியே இல்ல, அதுக்குள்ள ஆர்டரா?"

அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே ஸ்டெஃபனி விடைபெற்று வெளியே வந்தாள். காரில் ஏறியதும் மார்வின் அழைத்தான்.

"முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது. ஒத்துக்கிட்டாரு."

"நல்லது. நல்லது." மூச்சை இழுக்கும் சத்தம். "அந்த வீடியோ… எங்கயாவது தடங்கிச்சா? சும்மா கேட்டேன். மச்சானும் பக்கத்துலதான் இருக்காரு."

ஸ்டெஃபனி போனை அணைத்தாள். நாற்காலி மாறி ஆறு சென்டிமீட்டர் கூடியிருந்த விஷயத்தை அவனிடம் எந்தக் காலத்திலும் சொல்வதில்லை என்று முடிவு செய்தாள். சொன்னால் பலகையைத் துடைத்து அந்தக் குசினியைக் காப்பாற்றியதே தான்தான் என்று அவன் ஈஸ்டர் வரைக்கும் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிவான். காரைக் கிளப்பி, முதலில் கண்ணில் பட்ட கடையில் நிறுத்தி, ஒரு தே தாரிக் டீயும் இரண்டு வடையும் சொல்லிவிட்டு, கால்களை நீட்டி உட்கார்ந்தாள்.